புகைமணம் கொண்ட வெனிலா சென்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை தண்டையார்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளிலும், பாரிமுனையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்திலும், "அது என்ன வாசனை?" என்று என்னிடம் ஒருமுறையாவது கேட்காதவர்கள் குறைவு. சில ஆண்டுகளாக நான் போட்டுக்கொள்வது, புகைமணம் தூக்கலாக இருக்கும் வெனிலா சென்ட். ஒரே சந்தேகத்தைப் பத்துப் பேருக்குத் தனித்தனியாகச் சொல்லி ஓய்ந்துபோனதால், கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

வெனிலான்னா ஐஸ்கிரீம்தானே அக்கா? அதைப் போய் யாராவது மேல அடிச்சுக்குவாங்களா?

ஐஸ்கிரீமில் நாம் அறிந்திருப்பது வெனிலாவின் ஒரு பகுதியை மட்டுமே. அந்தப் பகுதிக்கு வெனிலின் என்று பெயர். உண்மையான வெனிலா, மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட ஓர் ஆர்க்கிட் கொடியின் காய். பறித்த பச்சைக் காயில் மணமே இருக்காது. வெந்நீரில் முக்கி எடுத்து, துணியில் சுற்றி வியர்க்க வைத்து, வெயிலில் காட்டி, பிறகு மாதக்கணக்கில் பெட்டியில் மூடி வைத்தால்தான் அது கறுத்துச் சுருங்கி மணம் பிடிக்கிறது. அவ்வாறு பதப்பட்ட காயின் எடையில் வெனிலின் ஏறக்குறைய 2 விழுக்காடுதான். உலர்ந்த திராட்சை, தோல், புகையிலை, லேசான புகை ஆகியவற்றை நினைவூட்டும் பிற சேர்மங்களும் சிறு சிறு அளவில் அதில் கலந்திருக்கின்றன.

ஆகவே புகைமண வெனிலா என்பது யாரோ வேடிக்கைக்காகச் செய்த கலவை அன்று. காயிலேயே மெல்லியதாக ஒளிந்திருக்கும் புகையை முன்னுக்கு இழுத்து, சர்க்கரையைப் பின்னுக்குத் தள்ளிய கலவை அது.

வெனிலா இனிப்பு, புகை கசப்பு. ரெண்டும் எப்படி ஒட்டும்?

இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். மரத்தின் நார்களை இறுக்கிப் பிடித்திருக்கும் பொருளுக்கு லிக்னின் என்று பெயர். விறகு எரியும்போது அது சிதைந்து, குவாயகால், சிரிங்கால் போன்ற சேர்மங்களாகப் புகையோடு வெளியேறுகிறது. நாம் "புகை வாசம்" என்று சொல்வதில் பெரும்பங்கு இவற்றுடையது. அதே சிதைவில் சிறிதளவு வெனிலினும் உண்டாகிறது. குவாயகாலின் மூலக்கூற்றில் ஆல்டிஹைடு எனப்படும் ஒரு சிறு அணுத்தொகுதியைச் சேர்த்தால் கிடைப்பதே வெனிலின். 1874-இல் ஜெர்மனியில் டீமான், ஹார்மான் என்ற வேதியியலாளர்கள் முதன்முதலில் வெனிலினைச் செயற்கையாகத் தயாரித்தபோது, ஊசியிலை மரப் பட்டையிலிருந்து கிடைத்த கோனிஃபெரின் என்ற பொருளையே பயன்படுத்தினார்கள். பிற்காலத்தில் காகித ஆலைகளின் கழிவிலிருந்த லிக்னினிலிருந்து எடுத்தார்கள். இன்று சந்தைக்கு வரும் செயற்கை வெனிலினில் பெரும்பகுதி, பெட்ரோலிய மூலத்திலிருந்து பெறப்படும் குவாயகாலிலிருந்து தயாராகிறது. பிறந்தநாள் கேக்கில் ஊற்றும் எசென்ஸே புகையின் நெருங்கிய உறவு என்றால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் உண்மை அதுதான்.

இதை மூக்கால் அறிய வேதியியல் தேவையில்லை. 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளைப் பற்றி என் தந்தை இன்றும் பேசுவார். பழுப்பேறிய புத்தகத்தைப் பிரித்தவுடன் எழும் அந்த இனிப்பும் தூசியும் கலந்த மணம், தாளில் உள்ள லிக்னின் மெல்லச் சிதைவதால் வருவது; அதிலும் வெனிலின் உண்டு. நெருப்பு ஒரு நிமிடத்தில் செய்வதைக் காற்று ஐம்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டு செய்கிறது.

நாக்கின் வழியாகவும் இதை நாம் அறிவோம். கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் விறகடுப்பில் காய்ச்சிய பாயசத்துக்கும், வீட்டில் கேஸ் அடுப்பில் வைத்த பாயசத்துக்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துப் பாருங்கள். திகட்டாமல் இரண்டாவது டம்ளர் கேட்க வைப்பது அந்தப் புகையே.

அப்போ இது சாம்பிராணிதானே? கம்ப்யூட்டர் சாம்பிராணி ஒண்ணு கொளுத்திக் காட்டிக்கிட்டா போதாதா?

பாதி சரி. சாம்பிராணி என்று நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பிசினில், குறிப்பாகச் சுமத்ராவிலிருந்தும் லாவோஸ், தாய்லாந்து பக்கமிருந்தும் வரும் ஸ்டைராக்ஸ் மரத்தின் பிசினில், வெனிலின் இயற்கையாகவே இருக்கிறது. ஐரோப்பியர் இதை பென்சாயின் என்கிறார்கள். அரபு வணிகர்கள் இட்ட "லூபான் ஜாவி", அதாவது ஜாவாவின் குந்திரிக்கம், என்ற பெயரே திரிந்து அவ்வாறு ஆயிற்று. சென்ட் தயாரிப்பவர்கள் வெனிலாவைக் கனமாகவும் நீடித்தும் நிற்கச் செய்வதற்கு இந்தப் பிசினைச் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். மந்தமானவனைச் "சாம்பிராணி" என்று நாம் ஏன் திட்டுகிறோம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலையில் மண்ணடிக் கடைகளுக்குத் தூபக்கால் ஏந்தி வரும் பாயைப் பார்த்திருப்பீர்கள். தகர டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் கங்கில் போடுவார். வெண்புகை குப்பென்று கிளம்பிக் கண்ணைக் கரிக்கும். மயிலிறகு விசிறியால் கல்லாப்பெட்டியின் பக்கம் ஒரு வீசு வீசிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். அவர் போன பிறகு கணக்குப் புத்தகத்தைத் திறந்தால், காரம் எல்லாம் போய் ஓர் இனிப்பு மட்டும் தாளில் ஒட்டியிருக்கும். நல்ல புகைமண வெனிலா சென்ட் ஒன்று ஐந்தாறு மணி நேரத்தில் உங்கள் மணிக்கட்டில் செய்வது இதைத்தான். கம்ப்யூட்டர் சாம்பிராணியில் பெரும்பாலும் இருப்பது கரித்தூளும் மரத்தூளும் மேலே தெளித்த வாசனையும். அதைக் கொண்டு இதை மதிப்பிட வேண்டாம்.

இதுல நிஜமாவே புகையைப் பிடிச்சு அடைச்சிருக்காங்களா?

சில வகைகளில் ஏறத்தாழ அப்படித்தான். பிர்ச் மரத்தின் பட்டையைக் காற்றில்லாமல் சூடாக்கினால் கறுப்புக் கீல் (தார்) வடியும். அதில் கருகிய மரமும் தோலும் சேர்ந்த மணம் இருக்கும். ஜூனிப்பர் வகை மரத்திலிருந்து வரும் கேட் எண்ணெயும் இவ்வாறே கிடைப்பது. கச்சா நிலையில் இவற்றில் புற்றுநோய் அபாயமுள்ள சேர்மங்கள் இருக்கக்கூடும் என்பதால், பன்னாட்டு நறுமணச் சங்கமான இஃப்ராவின் விதிகள் சுத்திகரித்த எண்ணெயை மட்டுமே அனுமதிக்கின்றன. நம் நாட்டிலும் இந்த மரபு உண்டு. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் குங்கிலியம், லோபான் முதலியவற்றைப் பானையில் கருக்கி வடித்தெடுக்கும் "சோயா" எண்ணெய்கள், ஒரு துளியே ஓர் அறையை நிறைக்கும் அளவுக்குக் கடுமையானவை.

இவை தவிர வெட்டிவேர், குவாயாக் மரம், குந்திரிக்கம் ஆகியவற்றாலும் புகையின் சாயலைக் கொண்டுவரலாம். வெட்டிவேரை நாம் பானைத் தண்ணீரில் போட்டுக் குளிர்ச்சி என்று மட்டும் பழகியிருக்கிறோம். அதன் எண்ணெயில் மண்ணும் புகையும் சேர்ந்தே இருக்கின்றன.

பேரு சொல்லுங்க, எதை வாங்கணும்?

வாங்கச் சொல்லமாட்டேன், முகர்ந்து பார்க்கச் சொல்வேன். கெர்லான் நிறுவனம் 1925-இல் வெளியிட்ட ஷாலிமார், இந்த வகையின் பாட்டி. அதன் வெனிலாவுக்கு அடியில் தோலும் பிசினும் புகைந்துகொண்டிருக்கும். 1998-இல் அனிக் மெனார்டோ உருவாக்கிய புல்கரி பிளாக், வெனிலாவோடு புகையூட்டிய சீனத் தேயிலையையும் ரப்பரையும் சேர்த்தது. இன்று கடைகளில் காண்பது அரிது. போகியன்று வியாசர்பாடிப் பக்கம் டயர் கொளுத்திய தெருவில் நடந்த அனுபவம் உள்ளவர்களுக்கு அதன் முதல் ஐந்து நிமிடம் புதிதாக இருக்காது; அதற்குப் பிறகு அது காட்டும் மென்மைதான் புதிது. டாம் ஃபோர்டின் டொபாக்கோ வெனில், 2007-இல் வந்தது, புகையிலையும் மசாலாவும் மிகுந்தது; எனக்கு அது சற்றுத் திகட்டும். மேசன் மார்ஜியேலாவின் பை தி ஃபயர்பிளேஸ், 2015, சுட்ட கொட்டையும் விறகுப் புகையும் வெனிலாவும் சேர்ந்தது. புதியவர்களுக்கு எளிதில் பிடிபடுவது. நான் போட்டுக்கொள்வது இவற்றில் எதுவும் இல்லை.

எல்லாமே விலை அதிகம். முழுப் பாட்டிலில் பணத்தைப் போடாமல், 2 அல்லது 5 மில்லி மாதிரிக் குப்பியாக வாங்கி இரண்டு வாரம் போட்டுப் பாருங்கள்.

கடையில அட்டையில அடிச்சுக் காட்டுனப்ப நல்லா இருந்துச்சு. வீட்டுக்கு வந்து கையில போட்டா வேற மாதிரி இருக்கே?

அட்டைக்கு வெப்பமும் இல்லை, வியர்வையும் இல்லை. தோலின் சூட்டில் இலேசான சேர்மங்கள் முதலில் ஆவியாகும். எலுமிச்சை, மிளகு போன்றவை அரை மணி நேரத்துக்குள் போய்விடும். நடுவில் பல சென்டுகளில் புகை எழும். வெனிலின் மெதுவாக ஆவியாகும் பொருள் என்பதால் கடைசிவரை தங்கும். எனவே கடையில் பத்து நிமிடத்தில் முடிவு செய்தவர், படத்தின் பெயர் ஓடும்போதே எழுந்து வந்தவருக்குச் சமம். காலையில் மணிக்கட்டில் ஒருமுறை அடித்து, மாலைவரை அவ்வப்போது முகர்ந்து பாருங்கள். ஒரு நாளில் இரண்டுக்கு மேல் சோதிக்க வேண்டாம். இடையில் காப்பிக்கொட்டையை முகர்ந்தால் மூக்கு தெளியும் என்று கடைக்காரர்கள் கொடுப்பார்கள். வெளியே வந்து நல்ல காற்றை இழுத்தாலே போதும்.

எத்தனை தடவை அடிக்கணும்? நம்ம வெயிலுக்கு இது தாங்குமா?

மே மாதத்தில் ஒன்று. மார்கழியில் இரண்டு அல்லது மூன்று. இதைச் சொல்லும் தகுதியை நான் அவமானப்பட்டுத்தான் பெற்றேன். வாங்கிய புதிதில், ஒரு மே மாதக் காலையில் ஐந்து முறை அடித்துக்கொண்டு தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினேன். குளிரூட்டிய பெட்டியின் கதவு மூடிய சிறிது நேரத்தில் எதிரே இருந்த அம்மா பதறி, "ஏதோ வயர் கருகுதும்மா, யாரையாவது கூப்பிடு" என்றார். அடுத்த நிலையத்தில் இறங்கி, கழுத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த வண்டியில் போனேன்.

நம் ஊரில் வெப்பத்தோடு கடல் ஈரமும் சேர்ந்திருப்பதால் கனமான மணங்கள் உடலைச் சுற்றி அடைத்துக்கொண்டு நிற்கும். அதிலும் இனிப்பே முதலில் ஊதிப் பெரிதாகும். அதனால் கோடையில் கழுத்து, மார்பு ஆகியவற்றை விட்டுவிட்டு, முழங்கையின் உட்புறத்திலோ முழங்காலின் பின்புறத்திலோ ஒருமுறை அடிப்பது நல்லது. குளித்து, உடல் முழுதும் உலர்ந்த பிறகு போடுங்கள். மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்க்க வேண்டிய அவசியமில்லை. தோல் வறண்டிருந்தால் மணமில்லாத கிரீமைத் தடவிக்கொண்டு அதன்மேல் போட்டால் சற்றுக் கூடுதலாக நிற்கும். டிசம்பர், ஜனவரியில் கடற்காற்று குளிர்ந்து வரும் மாலைகளே இந்தச் சென்டுக்கு உகந்த காலம். அப்போதுதான் புகை தனியாகவும் இனிப்பு தனியாகவும் மூக்குக்குத் தெரியும்.

ஒரு மணி நேரத்துல எனக்கு வாசனையே வரல. டூப்ளிகேட் கொடுத்து ஏமாத்திட்டாங்களா?

முதலில் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். ஒரே மணத்தைத் தொடர்ந்து நுகரும்போது மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடுகிறது. கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் அருகே வசிப்பவர்கள் விருந்தாளி மூக்கைப் பொத்தும்போதுதான் நினைவுக்கு வந்தவர்களாய்ச் சிரிப்பதும் இதே காரணத்தால்தான். உங்களுக்குத் தெரியவில்லை என்று மேலும் மேலும் அடித்தால் மெட்ரோவில் எனக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரும்.

போலிகள் இருக்கின்றன என்பதும் உண்மையே. போலியில் பொதுவாக முதல் பத்து நிமிடம் அசலைப் போலவே இருக்கும். பிறகு புகை காணாமல் போய், தட்டையான மிட்டாய் இனிப்பு மட்டும் மிஞ்சும். கடைசிவரை நிற்கும் அடித்தள மணங்களில்தான் செலவு அதிகம் என்பதால் அங்கேதான் கை வைக்கிறார்கள்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில அடிக்கலாமாப்பா?

வேண்டாம். வெனிலின் ஒளியும் காற்றும் பட்டால் பழுப்பாகும். பிசின்களும் நிறம் கொண்டவை. வெள்ளைத் துணியில் மஞ்சள் வட்டம் விழுந்தால் எளிதில் போகாது. கறுப்பு, மெரூன் போன்ற அடர்நிறப் பருத்தித் துணியின் உட்புறத்தில் அடிக்கலாம். அங்கே தோலைவிட அதிக நேரம், சில வேளைகளில் துவைக்கும்வரை, நிற்கும். பட்டுப்புடவையின் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

வாங்கினப்ப தேன் கலர்ல இருந்துச்சு, இப்ப காப்பி டிகாஷன் மாதிரி ஆயிடுச்சு. கெட்டுப்போச்சா?

மேலே வேட்டிக்குச் சொன்ன அதே காரணம். வெனிலா உள்ள சென்ட் நாளடைவில் கறுப்பது இயல்பு. நிறத்தைப் பார்க்காமல் முகர்ந்து பாருங்கள். புளித்த அல்லது வார்னிஷ் போன்ற நெடி வந்து, அது சில நிமிடங்களில் அடங்காவிட்டால் கெட்டுவிட்டது என்று கொள்ளலாம். குளியலறை அலமாரியும் ஜன்னல் திட்டும் ஆகாது. பீரோவில் துணிகளுக்கு நடுவே, அட்டைப் பெட்டியோடு வையுங்கள். சாமி விளக்கின் அருகே நின்று அடிக்காதீர்கள்; இதில் பெரும்பகுதி எரியும் சாராயம்.

ஆம்பளை போட்டா நல்லா இருக்குமா? இது லேடீஸ் ஐட்டம்னு சொல்றாங்களே.

தாராளமாகப் போடலாம். பால்மணம் தூக்கலாக இருந்தால் பெண்களுக்கு, புகை தூக்கலாக இருந்தால் ஆண்களுக்கு என்று பிரிப்பது விற்பவர்களின் வசதிக்காக. தலைக்குக் குளித்த பெண்ணின் கூந்தலிலும், கடை திறக்கும் முதலாளியின் சட்டையிலும் ஒரே சாம்பிராணிதான் ஏறுகிறது.

மண்ணடியில அத்தரா வாங்கினா மலிவா கிடைக்குமே, அது ஆகாதா?

ஆகும். அத்தரில் சாராயம் இல்லை. எண்ணெயில் கலந்திருப்பதால் தோலோடு ஒட்டியே இருக்கும், நான்கடி தள்ளி நிற்பவரைத் தொந்தரவு செய்யாது. நம் புழுக்கத்துக்கு அது ஒரு நன்மை. ஆனால் "வெனிலா அத்தர்" என்று கேட்டால் பெரும்பாலும் தனி இனிப்பைத்தான் ஊற்றித் தருவார்கள். லோபான் அல்லது ஊது (அகில்) வகையில் புகைச்சல் உள்ளது ஒன்றையும் வெனிலா ஒன்றையும் 3 மில்லி குப்பிகளாகத் தனித்தனியே வாங்கி, புகையை முதலில் ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் வெனிலாவை அரைப்பொட்டு வைத்துப் பாருங்கள். அளவைத் தலைகீழாக மாற்றினால் திகட்டும். இந்த விலையில் கிடைப்பது செயற்கை வெனிலின்தான் என்பதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. விலையுயர்ந்த பாட்டில்களிலும் அது உண்டு. உண்மையான வெனிலாக் காயின் மலரை இன்றும் ஒவ்வொன்றாகக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்ய வேண்டியிருப்பதால், அதை மட்டும் கொண்டு சென்ட் செய்வது எவருக்கும் கட்டுப்படியாகாது. அந்தக் கைவித்தையை 1841-இல் ரீயூனியன் தீவில் கண்டறிந்தவன் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன்.

தலையில மல்லிகைப்பூ வெச்சிக்கிட்டு இதையும் போடலாமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மல்லிகையில் இண்டோல் என்ற சேர்மம் இருக்கிறது; மாலையில் பூ மலர மலர வரும் அந்த மயக்கும் கனம் அதனுடையது. அதோடு இனிப்பான வெனிலாவைச் சேர்த்தால் மூச்சு முட்டும். புகைமிகுந்த வெனிலாவோ பூவுக்குப் பின்னால் நின்று அதற்கு இடம் விடும். கல்யாண வரவேற்பில், பூ நெருக்கமாக இருக்கும் நாளில், சென்டை மணிக்கட்டில் மட்டும் ஒருமுறை போடுங்கள். கனகாம்பரம் என்றால் இந்தக் கவலை இல்லை. அதற்கு மணமே கிடையாது.

காசிமேட்டுல ஏலத்துக்குப் போய்ட்டு நேரா ஆபீஸ் வரேன். மீன் கவிச்சியை இது மறைக்குமா?

மறைக்காது, கருவாட்டைச் சுட்டு அதன்மேல் சர்க்கரை தூவியது போல் ஆகும். கவிச்சிக்குக் காரணமான அமீன் என்ற சேர்மங்களை எலுமிச்சையோ புளித்தண்ணீரோ மாற்றும், சென்ட் மாற்றாது. கையையும் முழங்கையையும் எலுமிச்சை தேய்த்துக் கழுவி, சட்டையை மாற்றிய பிறகே போடுங்கள். கவிச்சி ஒன்றும் குற்றம் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வீட்ல குழந்தைக்கு வீசிங். சாம்பிராணியை டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாரு. இதைப் போடலாமா?

சாம்பிராணிப் புகையில் உள்ள நுண்துகள்கள் இதில் இல்லை. ஆனாலும் கடுமையான மணமே சிலருக்கு இழைப்பைத் தூண்டும். குழந்தை இருக்கும் அறையில் அடிக்காதீர்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்று போட்டுக்கொள்ளுங்கள். மருத்துவர் இதையும் வேண்டாம் என்றால் அத்தோடு விடுங்கள்.

எங்க ஆயா இதை மோந்துட்டு "எழவு வீட்டு வாசனை"ன்னு முகத்தைத் திருப்பிக்கிச்சு. இப்ப எனக்கும் அப்படியே தோணுது. என்ன பண்றது?

இதற்கு எளிய பதில் இல்லை. மணம் மூளையில் நினைவும் உணர்ச்சியும் இயங்கும் பகுதிகளுக்கு மிக அருகில் போய்ச் சேர்கிறது. ஒருவருக்கு வெள்ளிக்கிழமைக் கடையாகவும், ஒருவருக்கு ராயபுரத்து மாதா கோயிலாகவும் இருக்கும் அதே புகை, ஆயாவுக்குக் கூடத்தில் கிடத்தியிருந்த யாரையோ நினைவூட்டுகிறது. அவர் சொன்னது தவறு என்று வாதிட இயலாது. அவர் இருக்கும் நாளில் போடாமல் இருப்பதே மரியாதை. துக்க வீட்டுக்குப் போகும்போது எந்தச் சென்டும் வேண்டாம்.

உங்களுக்குத் தோன்றுவது வேறு செய்தி, ஏனெனில் அது இரவல் நினைவு. பாட்டிலை ஒரு மாதம் பீரோவில் வைத்துவிட்டு, மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், வேலை எதுவும் இல்லாதபோது, மணிக்கட்டில் ஒருமுறை மட்டும் அடித்து மொட்டை மாடியில் உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் முகராதீர்கள். அதற்குப் பிறகும் எழவு வீடாகவே இருந்தால், பாதி விலைக்கு நான் வாங்கிக்கொள்கிறேன்.